ரிஸ்க் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

விடுமுறையில் பிள்ளைகளோடு, உலக வரைபடத்தில் நாடு பிடிக்கும் ‘ரிஸ்க்’ பலகை ஆட்டம் ஆடினோம். நான்கு மணி நேரம்! எட்டுப் படையோடு போன நான் வெறும் இரண்டு படையிடம் தோற்றேன். சின்னவன் ஒரு மணி நேரத்திலேயே வெளியேறிவிட்டான். பகடை முடிவுசெய்வதை வியூக ஆட்டம் என்கிறார்களே, எப்படி? இத்தனை வருடம் இது எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

ர.

அன்புள்ள ர.,

இரண்டு படையிடம் தோற்ற வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும். ஆனால் பகடையிலும் கணக்கு இருக்கிறது. ஆளுக்கொரு பகடை உருட்டினால் 36 வாய்ப்பில் தாக்குபவர் ஜெயிப்பது 15இல்தான். சமமாக விழுந்தால் காப்பவருக்கே வெற்றி. மூன்று பகடையோடு இரண்டை எதிர்த்தால் சாதகம் நம் பக்கம் சாயும். படை கரையும்போது பகடையும் குறைந்து அந்தச் சாதகமும் போய்விடும். நிறுத்தத் தெரியாமல்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம்.

இடத்திலும் அப்படித்தான். ஆசியாவை முழுதாகப் பிடித்தால் ஏழு படை கூடுதல், ஆனால் 12 பிரதேசத்தைக் கட்டிக்காக்க வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு இரண்டுதான், ஆனால் நான்கே பிரதேசம், ஒரே வாசல். என் தங்கை அந்த வாசலான இந்தோனேசியாவில் படையைக் குவித்துவிட்டு வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். அவள் பேச ஆரம்பித்தால்தான் எங்களுக்குப் பயம்.

என்னைக் கேட்டால், இது தாக்குப்பிடிப்பதே அந்தப் பேச்சால்தான். பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் ஆல்பேர் லமோரீஸ் உருவாக்கி 1957இல் வெளிவந்த ஆட்டம் இது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றச் சொல்லும் விதி எதுவும் இதில் கிடையாது. “நீ பிரேசிலைத் தொடாதே, நான் வட ஆப்பிரிக்கா பக்கம் வரமாட்டேன்” என்பாள் தங்கை. நானும் நம்பி எல்லையில் ஒற்றைப் படையை விட்டுவைப்பேன். இரண்டு சுற்று தாண்டாது, காலை வாரிவிடுவாள். அடுத்த ஆட்டத்தில் அவளிடம் உஷாராக இருப்போம். அப்புறம் மறுபடியும் நம்புவோம். கூடப் பிறந்தவர்களோடு ஆடுவதில் இருக்கும் ருசியே வேறு. முன்பின் தெரியாதவர்களோடு திரையில் ஆடினால் எனக்கு அது கிடைப்பதில்லை.

சின்னவன் விஷயத்தில் குறை ஆட்டத்தினுடையதுதான். முதலில் தோற்றவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது கொடுமை. ரகசிய இலக்கு அட்டைகள் உள்ள பதிப்பு கிடைத்தால் அதை எடுங்கள். 42 பிரதேசத்தையும் பிடிக்க வேண்டியதில்லை, சீக்கிரம் முடியும். அதுவரை, வெளியேறியவனையே காப்பவர்களுக்காகப் பகடை உருட்டச் சொல்லுங்கள். உங்களைத் தோற்கடிக்க அவன் எவ்வளவு ஆசையாக உருட்டுகிறான் என்று பார்ப்பீர்கள்.