கை நகரும்போதே வெட்டுங்கள்

கேள்வி: அக்கா கல்யாண வீடியோவை நானே எடிட் செய்கிறேன். ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் ஒவ்வொரு கட்டுக்கும் பக்கம் புரள்வது, பூ விரிவது என்று டிரான்ஸிஷன் போட்டிருக்கிறேன். பார்த்தவர்கள் கண் வலிக்கிறது என்கிறார்கள். எடுத்துவிட்டால் துண்டு துண்டாகத் தெரியாதா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: தெரியாதும்மா, தைரியமாக எடுத்துவிடுங்கள். கட் சரியான இடத்தில் விழுந்தால் அது இருப்பதே தெரியாது.

தாலி கட்டும் இடத்தையே பாருங்கள். தூரத்திலிருந்து ஒரு கேமரா, கிட்டத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மாப்பிள்ளை தாலியை எடுத்துக் கையை உயர்த்துகிறார். கை பாதி வழியில் இருக்கும்போதே குளோசப்புக்கு வெட்டுங்கள். பார்ப்பவரின் கண் கையோடு போய்க்கொண்டிருப்பதால் ஷாட் மாறியது உறைக்காது. கை நின்ற பிறகு வெட்டினால்தான் துண்டாகத் தெரியும். குளோசப்பிலும் கை அதே உயரத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு பிரேமாக, அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப் படமாக, நகர்த்திப் பாருங்கள். அப்புறம் நாத்தனார் முடிச்சுப் போடும்போது அவசரப்பட்டு வெட்டாதீர்கள். அந்த விரல்களை முழுதாகப் பார்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை.

சத்தத்தையும் படத்தையும் ஒரே இடத்தில் வெட்ட வேண்டியதில்லை. அட்சதையோடு காத்திருக்கும் பெரியவர்கள் முகம் திரையில் இருக்கும்போதே கெட்டிமேளம் கேட்கத் தொடங்கட்டும். அரை விநாடி கழித்துத் தவில்காரரைக் காட்டுங்கள். இதற்கு ஜே கட் என்று பெயர். படம் மாறிய பின்னும் பழைய சத்தம் தொடர்ந்தால் எல் கட். கல்யாண வீடியோவுக்கு இந்த இரண்டையும்விட உதவியானது எனக்குத் தெரிந்து வேறில்லை.

காலையில் முகூர்த்தம், மாலையில் வரவேற்பு என்று நேரம் தாண்டும் இடத்தில் மட்டும் டிசால்வ் போடுங்கள், அதாவது ஒரு காட்சி மங்க மங்க அதன் மேலேயே அடுத்தது தெளியட்டும். ஒரு விநாடி போதும். விநாடிக்கு 25 பிரேம் என்றால், கட்டின் இரு பக்கமும் 12, 13 பிரேம் உபரியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சில மென்பொருள்களில் கடைசி பிரேம் உறைந்து நிற்கும். ஷாட்டின் முன்னும் பின்னும் இரண்டு விநாடி கூடுதலாக எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி: தாத்தா பேசிய வீடியோவில் இருமலை வெட்டினேன். தலை குதிக்கிறது. டிசால்வ் போடலாமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டாம், ஒரு கணம் இரண்டு தலை தெரியும். அந்த இடத்தில் அவர் சொல்லும் வீட்டையோ பழைய போட்டோவையோ வைத்து மூடுங்கள், குரல் ஓடட்டும். 4கே-யில் (1080-ஐவிட நீள அகலத்தில் இரு மடங்கு) எடுத்து 1080-ல் வெளியிடுவதாக இருந்தால், வெட்டிய பிறகு வரும் பகுதியை 130 சதவீத அளவுக்குப் பெரிதாக்கினாலும் போதும், வேறு ஷாட் போலத் தெரியும், தெளிவு குறையாது.