செல்லுக்குள் இருக்கும் இழைகள் சேதமானால் தானாகவே சரியாகுமா?

ஆகும், ஆனால் இழைக்கு இழை விதம் வேறு. நன்றாகத் தெரிந்தது மைக்ரோட்யூபூல்தான், அதாவது டியூபுலின் புரதத்தால் ஆன, சுமார் 25 நானோமீட்டர் அகலமுள்ள குழல். இந்த இழைகள்தான் செல்லைத் தாங்கும் சாரக்கட்டு, ஆனால் சாரக்கட்டு என்றதும் அசையாமல் நிற்கும் கம்பு என்று நினைத்துவிடாதீர்கள். புதிதாகச் சேரும் டியூபுலின் மூன்று பாஸ்பேட் கொண்ட ஒரு மூலக்கூறைச் சுமந்து வரும், சேர்ந்த கொஞ்ச நேரத்தில் அதிலிருந்து ஒரு பாஸ்பேட் கழன்றுவிடும், நுனியில் இன்னும் கழலாதவை தொப்பி மாதிரி இருக்கும்வரை குழல் வளரும், தொப்பி போனதும் சடசடவென்று பிரிந்து சுருங்கும். மிட்சிசன், கிர்ஷ்னர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1984இல் சொன்னது இது.

சரி, நடுவில் ஓட்டை விழுந்தால்? முன்பெல்லாம் மாற்றம் நுனியில் மட்டும்தான் என்று நினைத்தார்கள். 2015இல் வெளியான ஒரு சோதனையில் குழலைத் திரும்பத் திரும்ப வளைத்தபோது அது தளர்ந்துபோனது, கொஞ்சம் ஓய்வு கொடுத்ததும் சுற்றியிருந்த டியூபுலின் ஓட்டையில் போய் உட்கார்ந்து பழைய விறைப்பு திரும்பியது. எனக்கு இதில் பிடித்ததே அடுத்த விஷயம்தான்: ஒட்டுப்போட்ட இடத்தில் இருப்பதும் புது டியூபுலின் என்பதால், நுனியிலிருந்து சுருங்கிக்கொண்டு வரும் குழல் அங்கே நின்று மறுபடி வளரத் தொடங்கலாம். ஸ்பாஸ்டின், கட்டானின் போன்ற வெட்டும் நொதிகள்கூட இப்படிச் சின்ன ஓட்டை போட்டு, புது டியூபுலின் சேர வழி செய்கின்றன.

செல்லின் இன்னொரு வகை இழையான ஆக்டினின் கற்றைகளில் கிழிசல் விழுந்தால் சைக்சின் என்ற புரதம் ஓடிவந்து சீரமைப்பைத் தொடங்கிவைக்கும்.