கேளுங்கள், சொல்கிறேன்: சித்திரையில் மீன் கடிக்குமா?

கேள்வி: தூண்டில் பிடித்து ஒரு வருடம்தான் ஆகிறது. அமெரிக்க வீடியோக்களில் வசந்தம் வந்ததும் தண்ணீர் சூடேறி மீனெல்லாம் கரைக்கும் குடாவுக்கும் வரும் என்கிறார்கள். நம் சிங்கப்பூரில் மார்ச், ஏப்ரலில் அப்படி ஏதும் உண்டா? போன மாதம் நாலு சனிக்கிழமை பாசிர் ரிஸ் போய் வெறுங்கையோடு திரும்பினேன். - உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: தம்பி, அவர்கள் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி. அங்கே குளிர்காலத்தில் கடல் சில்லிட்டுப் போகும், தண்ணீர் 10 பாகையைத் தாண்டினால்தான் பல மீனுக்குப் பசியே எடுக்கும். நம் கடல் வருடம் முழுக்க ஏறக்குறைய 27-லிருந்து 31 பாகைக்குள்தான் கிடக்கிறது, நம் கொடுவாவுக்குக் குளிர் என்றால் என்னவென்றே தெரியாது. இங்கே மாறுவது காற்று. டிசம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும்போது சாங்கியிலும் ஈஸ்ட் கோஸ்ட்டிலும் அலை எழும்பித் தண்ணீர் கலங்கிக் கிடக்கும். மார்ச் கடைசியில் காற்று ஓய்ந்ததும் மே வரைக்கும் காலை நேரம் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும். அப்போது பிடோக் ஜெட்டி பக்கம் தம்பான் என்கிற பொடி மத்திக் கூட்டம் ஒதுங்கினால், அதைத் துரத்திக்கொண்டு பாரையும் தோல்பாரையும் வரும், தண்ணீர் மேலே படபடவென்று துள்ளுவது உங்கள் கண்ணுக்கே தெரியும்.

சரி, நாலு சனிக்கிழமை வெறுங்கை எப்படி? நீங்கள் கிழமையைப் பார்த்தீர்கள், பிறையைப் பார்க்கவில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏறும் வெள்ளத்துக்கும் இறங்கும் வற்றத்துக்கும் நடுவே 3 மீட்டரை நெருங்கும் உயர வித்தியாசம் வரும். அஷ்டமியை ஒட்டி அது 1 மீட்டர் சொச்சத்துக்குச் சுருங்கிவிடும். தண்ணீர் ஓடவில்லையென்றால் இரையும் நகராது, மீன் எதற்கு வாயைத் திறக்கப் போகிறது? போதாததற்கு நீங்கள் போனது நமக்கும் மலேசியாவுக்கும் நடுவே உள்ள ஜொகூர் நீரிணை. 1924-இல் திறந்த உட்லண்ட்ஸ் கடற்பாலம் அதை நடுவில் அடைத்துக்கொண்டு நிற்பதால் அங்கே நீர் சரியாக அலசிப் போவதில்லை. அந்த மந்தமான நீரில் பாசி பெருகித்தான் 2014, 2015 தொடக்கத்தில் கடல் பண்ணைகளில் டன் டன்னாக மீன் செத்து மிதந்தது. அதனால் பாசிர் ரிஸ்ஸுக்குப் பிறை பார்த்துப் போங்கள், அஷ்டமி நாளில் பிடோக்குக்குப் போங்கள், அங்கே எப்படியும் கொஞ்சம் ஓட்டம் இருக்கும்.

இன்னொன்று, இதை யாரும் வீடியோவில் சொல்ல மாட்டார்கள். ஏப்ரல் வந்தால் நம் ஊரில் பெரிய வற்றம் விடியலுக்கு முன்னால் வர ஆரம்பிக்கும். ஐந்தரை மணிக்குச் சாங்கிக் கரையில் நின்று பாருங்கள், மற்ற நேரம் மூடியிருக்கும் மணல் திட்டும் பள்ளமும் பாறையும் டார்ச் வெளிச்சத்தில் அப்படியே தெரியும். எங்கே பள்ளம், எங்கே வாய்க்கால் மாதிரி ஓடுகிறது என்று போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கீழே இறங்கி நடக்காதீர்கள், கல்மீன் கல்லோடு கல்லாகக் கிடக்கும், மிதித்தால் முள் செருப்பையும் துளைக்கும். வெளிச்சம் வந்ததும் வெள்ளம் ஏறும். நீங்கள் படம் எடுத்த அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் ஈயக்குண்டைப் போடுங்கள். நான் வீட்டிலிருந்து தூக்கம் கலையாமல் போய் உட்கார்ந்து பிடித்த கலவாக்கள் எல்லாம் இந்த நேரத்தில்தான், ஒன்றிரண்டைத் தவிர. வற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதை மறக்க வேண்டாம், நேற்றைய நேரத்துக்கு இன்று போனால் காத்திருக்க வேண்டியதுதான்.

கேள்வி: உயிர் இறாலை மாட்டிப் போட்டால் பத்து நிமிடத்தில் செத்துவிடுகிறது. கடையில் ஏமாற்றுகிறார்களா?

பதில்: கடைக்காரர் மேல் பழி போடாதீர்கள், அநேகமாக உங்கள் ஊசிதான். இறாலின் தலைக்குள் கறுப்பாக ஒரு பொட்டு வெளியே தெரியும் பாருங்கள், அதைத் தொட்டால் அவ்வளவுதான். கொம்புக்குக் கீழே, பொட்டுக்கு முன்னால் மெல்லிசாகக் குத்துங்கள், இல்லையென்றால் வாலுக்கு முந்திய கணுவில். வாளியில் காற்றுப் பம்ப் ஓடட்டும், வெயிலில் வைக்காதீர்கள்.

கேள்வி: கெளுத்தியைக் கழற்றும்போது என் கணவர் கையில் முள் ஏறிவிட்டது. மஞ்சள் தடவினால் போதுமா?

பதில்: போதாது அம்மா. பொறுக்கிற அளவு சூடான தண்ணீரில், 45 பாகை அளவில், கையை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் முக்கி வைக்கச் சொல்லுங்கள், சூட்டில் அந்த விஷம் கெட்டுவிடும். முள் உள்ளே உடைந்திருந்தாலோ வீக்கம் ஏறினாலோ டாக்டரிடம் போய்விடுங்கள். அடுத்த தடவை இடுக்கியால் பிடிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் தூண்டில் நரம்பை வெட்டி மீனை விட்டுவிடட்டும், ஊசி என்ன பெரிய விலையா!

கேள்வி: இடி இடித்தாலும் ஜெட்டியை விட்டு வரமாட்டேன் என்கிறார் அப்பா. ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் இடிமழை நம் ஊரில் வாடிக்கை. அவர் பிடித்திருப்பது கார்பன் தூண்டில் என்றால் அது மின்சாரம் பாயும் கம்பி, ஜெட்டியிலோ அவரைவிட உயரமாக ஒன்றும் இல்லை. வானிலை சொல்லும் மைஎன்வி செயலியில் மின்னல் எச்சரிக்கை வரும், அவர் போனில் இறக்கிக் கொடுங்கள். காலையிலேயே போய்விட்டுப் பன்னிரண்டுக்குள் சாப்பாட்டுக்கு வரச் சொல்லுங்கள். மீனும் அந்த நேரத்தில்தான் கடிக்கிறது என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள், கேட்பார்.