மறைந்த ஆசிரியர் பெயரில் உதவித்தொகை: வங்கி கணக்குத் தர மறுத்தால்

மறைந்த கணித ஆசிரியர் நினைவாக 3 லட்சம் ரூபாயில் மாணவர் உதவித்தொகை தொடங்க நினைக்கிறீர்கள்; அதற்குக் கணக்குத் தர வங்கி மறுத்துவிட்டது. "நினைவு நிதி" என்ற வெறும் பெயரில் கணக்கு கிடைக்காது. பதிவான அறக்கட்டளைப் பத்திரமும் அதன் பெயரிலான பான் கார்டும் இல்லாததால்தான் வங்கி மறுத்திருக்கும்.

3 லட்சத்துக்குத் தனி அறக்கட்டளை வீண் சுமை. உங்கள் கணித ஆசிரியர் பணியாற்றிய கல்லூரியிலேயே அறக்கட்டளை வைப்பாக (முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் உதவித்தொகையாகக் கொடுக்கும் வைப்பு) கட்டுங்கள். முதலில் அலுவலகத்தில் கேளுங்கள்: இதே போன்ற பழைய வைப்புகளின் வட்டி ஆண்டுதோறும் மாணவருக்குப் போகிறதா? போகிறதென்றால் ரசீதும் வைப்புச் சான்றின் நகலும் வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.

6.5% வட்டியில் ஆண்டுக்கு 19,500 வரும். 15,000 மட்டும் கொடுத்து மீதியை முதலோடு சேர்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பத்தாண்டில் தொகைக்கு மதிப்பிருக்காது.

உதவித்தொகை யாருக்கு என்ற விதியில் வெறுமனே "சிறந்த மாணவி" என்று எழுதாதீர்கள், சண்டை வரும். "இரண்டாமாண்டு கணிதத்தில் அதிக மதிப்பெண்; சமமானால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் உள்ளவர்" என்று எழுதுங்கள்.

பணத்தை நண்பர் ஒருவர் பெயரில் வங்கியில் போட்டுவிடாதீர்கள். வட்டி அவர் வருமானமாகும், வரியும் அவர் தலையில்தான்.