ஆங்கிலத்தில் குவிட் (quit) என்றால் 'வெளியேறு' மட்டும்தானா? ராஜினாமா கடிதத்தில் எழுதலாமா?

எழுதாதீங்க. திருப்பூர் பக்கம் வேலையை விட்டு நின்றவரைக் கேட்டால் "கணக்கு முடிச்சுட்டு வந்துட்டனுங்க" என்பார். குவிட்டுக்கு அதைவிட நெருக்கமான தமிழ் இல்லை. (ஆளைத் தீர்த்துக்கட்டுவதையும் 'கணக்கு முடிச்சுட்டாங்க' என்கிறோமே என்று சண்டைக்கு வராதீங்க, அது வேற கணக்கு.)

மூலம் லத்தீனின் குவியேட்டஸ்: ஓய்ந்த, அமைதியான. கடன் அடைந்தால்தானே மனுசனுக்கு அமைதி? அப்படித்தான் பழைய பிரெஞ்சில் 'கடன், கடமை தீர்ந்தவன்' என்றாகி, 13ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. விட்டுப் போவது, நிறுத்துவது எல்லாம் பிற்பாடு ஒட்டிக்கொண்ட பொருள். குற்றத்திலிருந்து விடுவிக்கும் அக்விட்டும் இதே குடும்பம். 'வி ஆர் குவிட்ஸ்' என்றால் உனக்கும் எனக்கும் பாக்கி இல்லை. பழைய இனாம் நிலப் பத்திரங்களில் வரும் 'குவிட் ரென்ட்' (quit rent) என்ற கட்டணமும் அப்படித்தான்: அந்தச் சிறு தொகையைக் கட்டினால் வேறு ஊழியம் செய்ய வேண்டியதில்லை.

1942இன் குவிட் இந்தியாவை 'வெள்ளையனே வெளியேறு' என்றது அருமையான தமிழ். அதையே எல்லா இடத்திலும் ஒட்டவைத்து, 'குவிட் ஸ்மோக்கிங்' வந்ததும் முழிக்க வைக்கிறார்களே ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில், அதுதான் எரிச்சல்.

பின்னால் ஃப்ரம் வராது. 'ஐ குவிட் மை ஜாப்' போதும். வினை வந்தால் ஐஎன்ஜி சேர்க்கணும், 'குவிட் டு ஸ்மோக்' தப்பு. இறந்தகாலமும் குவிட்தான், குவிட்டட் பழைய பிரிட்டிஷ் அச்சில் கிடைக்கும்.

எழுத்து மாறினால் மானம் போகும். கடைசியில் ஈ சேர்ந்தால் குவைட் (quite), 'மிகவும்'. அந்த ஈ, டீக்கு முன்னால் புகுந்தால் குவயட் (quiet), 'அமைதி'. எச்ஆருக்கு 'ஐ வில் குவயட் டுமாரோ' என்று மெசேஜ் போனால், நாளைக்குச் சத்தம் போட மாட்டேன் என்றுதான் அர்த்தம்.

கடிதத்துக்கு வருவோம். குவிட்டில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பும் தொனி இருக்கு; டீக்கடைப் பேச்சுக்குச் சரி. தாளில் 'ஐ ரிசைன் ஃப்ரம் மை போஸ்ட்' என்று எழுதி, கடைசி வேலை நாளைத் தேதியோடு குறிப்பிட்டு, நகலில் சீல் வாங்கி வைங்க. பிஎஃப்பில் விலகிய தேதியைக் கம்பெனி ஏற்றாவிட்டால், கடைசி மாதச் சந்தா கட்டி 2 மாதம் கழித்து நீங்களே இணையத்தில் ஏற்றிக்கொள்ளலாம்.