தோழிகளின் வற்புறுத்தலை நீதிக்கதை ஆக்காமல் எழுதுவது எப்படி?

பிளஸ் ஒன் படிக்கிற பெண்ணை நாயகியாக வைத்துக் குறுநாவல் எழுதுகிறீர்கள். தோழிகள் பேச்சைக் கேட்டு அவள் தப்பு செய்யும் இடம் மட்டும் பாடப்புத்தக நீதிக்கதை மாதிரி ஆகிவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோளாறு பெரும்பாலும் அந்தக் காட்சியில் இருக்காது, அதற்கு முந்தைய அத்தியாயங்களில் இருக்கும். அந்த செட்டில் அவளுக்கு என்ன கிடைக்கிறது என்பதை முதலில் காட்டுங்கள். பஸ்ஸில் பையைப் போட்டு அவளுக்கு இடம் பிடித்து வைக்கிறார்கள். டிபன் பாக்ஸ் மூடியில் அவளுக்கென்று ஒரு பங்கு எடுத்து வைக்கிறார்கள். அவள் அடிக்கிற மொக்கை ஜோக்குக்கும் ரெண்டு பேர் சிரிக்கிறார்கள். இழப்பதற்கு இவ்வளவு இருந்தால்தான் வற்புறுத்தலுக்குப் பலம். இல்லையென்றால், "இவ ஏன் எந்திரிச்சுப் போகாம உக்காந்திருக்கா?" என்று வாசகி கேட்பாள்.

அடுத்து, கேட்கிற விதம். "டெஸ்ட்டைக் கட் அடிச்சிட்டு படத்துக்கு வாடி" என்று தோழி கூப்பிட்டு, "ஐயோ தப்புடி" என்று நாயகி சொன்னால் காட்சி அங்கேயே செத்துவிடும். நிஜத்தில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

"உனக்கும் சேத்து டிக்கெட் போட்டாச்சு. நூத்தித் தொண்ணூறு. மெதுவா குடு."

"நாளைக்கு கெமிஸ்ட்ரி டெஸ்ட் இருக்கே..."

"அதுக்கென்ன, பரவால்ல. சுமிக்கு வேணும்னா சொல்லிப் பாக்கறேன்."

இதில் கட்டாயம், மிரட்டல் எதுவுமே இல்லை. டிக்கெட் கடனாகிவிட்டது, அவள் இடத்துக்கு இன்னொருத்தி பெயரும் வந்துவிட்டது. 'பரவால்ல' என்ற ஒரு சொல் பத்து வரி கெஞ்சலை விட அழுத்தும்.

ஒரே தாவலில் பெரிய தப்புக்குப் போகாதீர்கள். குறுநாவலுக்கு மூன்று படி போதும். முதல் படி ரெக்கார்டு நோட்டைக் காப்பியடிக்கக் கொடுப்பது. அது தப்பென்றே யாருக்கும் தோன்றாது. இரண்டாவது, வீட்டில் 'ஸ்பெஷல் கிளாஸ்' என்று ஒரு பொய். மூன்றாவதுதான் உங்கள் கதையின் மையத் தப்பு. அதை மறுத்தால் இரண்டாவது படியின் பொய் வெளியே வந்துவிடும் என்று முடிச்சுப் போடுங்கள். இந்த முடிச்சு இல்லாத கதையில் நாயகி வெறும் அசடாகத் தெரிவாள்.

செட்டில் அவளைச் சேர்த்து நாலு பேர் இருக்கட்டும். மூன்று தோழிகளும் ஒரே குரலில் பேசக்கூடாது. ஒருத்திக்கு நிஜமாகவே ஆசை, ஒருத்தி சும்மா கூட வருகிறாள், மூன்றாமவளுக்கு உள்ளூர நாயகிக்கு இருப்பதைவிட அதிகப் பயம். அதை மறைக்கத்தான் அதிகமாகச் சீண்டுகிறாள். வில்லி வேண்டியதில்லை.

செட் அவளைத் தள்ளி வைக்கும் கட்டத்துக்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. ஆங்கிலச் சிறுவர் எழுத்தாளர் எனிட் பிளைட்டனின் மாலரி டவர்ஸ் வரிசை, பெண்கள் விடுதிப் பள்ளிக் கதைகள், 1946 முதல் 1951 வரை ஆறு புத்தகங்களாக வந்தது. முதல் புத்தகத்தில் நாயகி டேரல், நீச்சல் குளத்தில் கோபம் தலைக்கேறி க்வெண்டலினை அறைந்துவிடுகிறாள். பிறகு மேரி லூவின் பேனாவை க்வெண்டலின் உடைத்துவிட்டு, பழியை டேரல் மேல் போடுகிறாள். டேரலின் ஷூவில் மை இருப்பதைப் பார்த்ததும் மற்ற பெண்கள் அவள்தான் செய்தாள் என்று நம்பிவிடுகிறார்கள். அவள் அறைந்ததை முன்னாலேயே விதைத்திருப்பதால்தான் இது நம்பும்படி இருக்கிறது. உண்மையை வெளியே கொண்டுவருவது டீச்சர் இல்லை, பயந்தாங்கொள்ளி மேரி லூ. பெரியவர்களை இந்த அளவு தள்ளியே வையுங்கள்; அப்பா வந்து நாலு வார்த்தை பேசித் தீர்த்தால் கதை அப்பாவுடையதாகிவிடும்.

இன்று 'கா' விடுவது வாட்ஸ்அப்பில் நடக்கிறது. குரூப்பிலிருந்து தூக்குவது நாடகத்தனம். அவள் போட்ட மெசேஜை மூன்று பேரும் பார்த்துவிட்டார்கள், பதில் இல்லை. மறுநாள் காலை அவர்கள் சிரிக்கிற ஜோக் அந்த குரூப்பில் வந்ததே இல்லை. அவள் இல்லாத இன்னொரு குரூப் இருக்கிறது என்பது வாசகிக்குத் தானே புரிந்துவிடும்.

தண்டனையின் அளவில்தான் பலர் சறுக்குகிறார்கள். 1983-இல் தொடங்கிய அமெரிக்க டீன்ஏஜ் நாவல் வரிசையான ஸ்வீட் வேலி ஹையில் நாற்பதாவது புத்தகம் 'ஆன் தி எட்ஜ்'. காதலன் வேறொருத்தி பக்கம் போனதும் ரெஜினா புதுக் கூட்டத்தில் ஒட்டிக்கொள்கிறாள், ஒரே ஒரு தடவை கொக்கெய்ன் எடுத்து இறந்துபோகிறாள். காயம்பட்ட பெண் தன்னைச் சேர்த்துக்கொள்ளும் எந்தக் கூட்டத்துக்கும் போவாள் என்ற முன்பாதி சரியான கணிப்பு. பின்பாதி எச்சரிக்கை போஸ்டர். மரணத்தைக் காட்டிப் பயமுறுத்தினால், 'அதெல்லாம் கதையில்தான்' என்று வாசகி ஒதுக்கிவிடுவாள். உங்கள் கதைக்கு, தம்பி போட்டுக்கொடுத்து அம்மா ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதே போதுமான தண்டனை.

மீறல் அவளுக்கு ருசிக்கவும் வேண்டும். தியேட்டரில் அவள் விசில் அடித்துப் பார்க்கட்டும், அரைப் பக்கமாவது சந்தோஷமாக இருக்கட்டும். அதை வெட்டிவிட்டு நேராகக் குற்ற உணர்ச்சிக்குப் போவதுதான் நீதிக்கதை வாடைக்கு முக்கியக் காரணம் என்பது என் கணக்கு. (பேச்சில் 'டி' போதும். இந்த வருஷத்து ஸ்லாங்கை அள்ளிக் கொட்டினால் அடுத்த வருஷமே புளித்துவிடும்.)

கடைசியில் மூன்று பேரும் வரிசையாக வந்து மன்னிப்புக் கேட்க வேண்டாம். ஒருத்தி மட்டும், அந்த மூன்றாமவள், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளட்டும். வசனம் வேண்டாம்.