குறைந்த செலவில் கல் நகை: கேள்விகளும் பதில்களும்

வீட்டு மேசையிலேயே பல வருடங்களாகக் கல் நகை செய்துவருகிறேன். பட்டறை கிடையாது, நெருப்பு வைத்துப் பற்றவைக்கும் வேலையும் கிடையாது. அந்த அளவுக்குள் வரும் கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, கையில் கொஞ்சப் பணம்தான் இருக்கிறது. முதலில் எதை வாங்குவது?

மூன்று குறடு: கம்பியை வளைக்க உருண்டை மூக்கு, பிடிக்க ஒல்லியான தட்டை மூக்கு, வெட்ட ஒன்று. மூக்கின் உள்பக்கம் வழவழப்பாக இருக்கட்டும். பல் வைத்த குறடு கம்பியில் தழும்பு போட்டுவிடும். எல்லாமே அடங்கிய பெரிய பெட்டியாக வாங்க வேண்டாம். அதில் பாதிச் சாமான்களைத் தொடவே மாட்டீர்கள்.

மிச்சப் பணத்தைக் கல்லில் கொட்டாதீர்கள். நகை அறுந்தால் பெரும்பாலும் கம்பியிலோ கொக்கியிலோதான் அறுகிறது, கல்லில் இல்லை. அதனால் கல் மலிவாக இருந்தால் பரவாயில்லை, கம்பியும் கொக்கியும் நல்லதாக இருக்க வேண்டும். வளையம் போடக் கை பழகும்வரை செம்புக் கம்பியில் பழகுங்கள்.

எந்தக் கல்லில் தொடங்கலாம்?

குவார்ட்ஸ் குடும்பத்தில். அமெதிஸ்ட், ரோஸ் குவார்ட்ஸ், அகேட், கார்னிலியன், ஜாஸ்பர், டைகர் ஐ எல்லாம் அந்த வகைதான். விலை குறைவு, நிறம் நிறைய, கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் 7-ஐ ஒட்டி இருக்கும். இந்த 7-க்கு ஒரு காரணம் உண்டு. வீட்டுத் தூசியிலேயே குவார்ட்ஸ் துகள்கள் இருக்கின்றன. அதைவிட மென்மையான கல்லைத் தினமும் போட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தால் மெல்ல மெல்ல மங்கிவிடும். மாலகைட் 3.5 முதல் 4, ஃப்ளோரைட் 4, முத்து 2.5 முதல் 4.5. இவற்றைக் கம்மலுக்கும் பதக்கத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மோதிரமும் பிரேஸ்லெட்டும் எங்காவது இடித்துக்கொண்டேதான் இருக்கும், அங்கே வேண்டாம்.

இன்னொன்று, கணக்கு. 8 மில்லிமீட்டர் மணி, 40 சென்டிமீட்டர் சரம் என்றால் சுமார் 50 மணி. அதை அப்படியே கழுத்துக்குக் கோர்த்தால் ஒரு நகையோடு சரம் தீர்ந்துவிடும். அதற்குப் பதில் மெல்லிய சங்கிலியில் இடைவெளி விட்டு ஏழெட்டு மணி கட்டுங்கள், பார்க்கவும் லேசாக இருக்கும். மிச்சத்தில் ஒரு பிரேஸ்லெட்டுக்கு 22 மணி போனாலும் இரண்டு மூன்று ஜோடிக் கம்மலுக்குக் கல் கையில் இருக்கும். செலவைக் குறைக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி இதுதான். தள்ளுபடிக்காகக் காத்திருப்பதைவிட இதில் அதிகம் மிஞ்சும்.

மலிவாக டர்க்காய்ஸ் (நீலக் கல்) சரம் கிடைத்தது. நிஜமா?

ரொம்ப மலிவு என்றால் அநேகமாகச் சாயம் ஏற்றிய ஹவுலைட் அல்லது மேக்னசைட்டாக இருக்கும். இரண்டும் இயற்கையில் வெள்ளைக் கற்கள், சாயத்தை நன்றாக உறிஞ்சும். ஒரே ஒரு மணியை எடுத்து, நெயில் பாலிஷ் அழிக்கும் அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துளை ஓரம் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் நீலம் இறங்கினால் சாயம். இறங்கவில்லை என்பதை மட்டும் வைத்து நிஜம் என்று முடிவு கட்டிவிட முடியாது. மேலே பிசின் பூச்சு இருந்தால் சாயம் வெளியே வராது. முத்திலும் ஆம்பரிலும் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

பெயரையும் கவனியுங்கள். ஓபலைட் என்று விற்கும் பால்நீலக் கல் பெரும்பாலும் கண்ணாடி. மினுமினுக்கும் கோல்ட்ஸ்டோனும் கண்ணாடிதான், உள்ளே மின்னுவது செம்புத் துகள். கடைக்கு வரும் சிட்ரினில் பெரும்பங்கு சூடேற்றிய அமெதிஸ்ட். இதெல்லாம் நகைக்கு ஆகாது என்று சொல்லவில்லை, நான் கோல்ட்ஸ்டோனை ஆசையாகவே கோர்ப்பேன். கண்ணாடிக்குக் கல்லின் விலை கொடுக்காமல் இருந்தால் போதும்.

20 கேஜ் கம்பி கேட்டு வாங்கினேன், மணியில் நுழையவே மாட்டேன் என்கிறது.

கேஜ் என்பது கம்பியின் தடிமனைச் சொல்லும் எண், அந்தக் கணக்கே இரண்டு வகை. அமெரிக்க அளவில் 20 என்றால் 0.81 மில்லிமீட்டர், பிரிட்டிஷ் அளவில் அதே 20 என்றால் 0.91. கல் மணிகளில் துளை பெரும்பாலும் 0.8-லிருந்து 1 மில்லிமீட்டர் வரைதான், முத்தில் அதைவிடச் சின்னது. அதனால் கேஜைச் சொல்லாமல் மில்லிமீட்டரைச் சொல்லி வாங்குங்கள். காதுக் கொக்கிக்கு 0.8, மணியைக் கோர்த்து வளையம் சுற்ற 0.5, முத்துக்கு 0.4. கம்பியை முரட்டுத்தனமாகத் திணித்தால் துளை ஓரத்தில் கல் சில்லுப் பெயரும்.

எலாஸ்டிக் பிரேஸ்லெட் அடிக்கடி அறுந்துபோகிறது. முடிச்சில் கோளாறா?

பாதி முடிச்சு, பாதி துளை. மட்டமாகத் துளைத்த மணியின் விளிம்பு கத்தி மாதிரி நூலை அறுக்கும். விரலால் தடவிப் பாருங்கள், கரகரப்பானவற்றை ஒதுக்கி வையுங்கள். நூலைக் கோர்ப்பதற்கு முன்பே நாலைந்து முறை நன்றாக இழுத்துவிடுங்கள், இல்லையென்றால் சில நாளில் தளர்ந்து மணிகளுக்கு நடுவே இடைவெளி தெரியும். சாதாரண முடிச்சில் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றிப் போட்டு, துளிப் பசை வைத்து, காய்ந்ததும் பக்கத்து மணிக்குள் இழுத்து மறைத்துவிடுங்கள்.

எப்படிப் போட்டாலும் எலாஸ்டிக்குக்கு ஆயுள் குறைவுதான். கனமான கல் என்றால் நைலான் பூசிய எஃகுக் கம்பிக்கு மாறுங்கள். முனையில் கிரிம்ப் மணியை (நசுக்கினால் கம்பியைப் பிடித்துக்கொள்ளும் குட்டி உலோக மணி) நசுக்கிக் கொக்கி மாட்டிவிடலாம்.

துளை இல்லாத கல் ஒன்று வைத்திருக்கிறேன். வீட்டு டிரில்லால் துளைக்கலாமா?

வேண்டாம். குவார்ட்ஸ் தூசி நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் வரும், அது குணமாகாத நோய். துளைப்பவர்கள் வைர முனை போட்டு, தண்ணீரில் நனைத்துக்கொண்டே, முகக்கவசத்தோடு செய்கிறார்கள். ஒரு கல்லுக்காக இத்தனை ஏற்பாடு கட்டுப்படியாகாது. கம்பியால் கூடு கட்டுங்கள். இரண்டு கம்பிகளைக் கல்லின் விளிம்போடு வளைத்து, நாலு இடத்தில் மெல்லிய கம்பியால் சேர்த்துச் சுற்றி, முன்பக்கமும் பின்பக்கமும் லேசாக உள்ளே மடக்கினால் கல் நகராது.

நான் செய்த கம்மலைப் போட்டாலே காது அரிக்கிறது.

நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். கொக்கி ஜெர்மன் சில்வரா என்று பாருங்கள். பெயரில்தான் சில்வர், அதில் வெள்ளியே கிடையாது; செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த கலவை அது. முழுக் கம்மலையும் தூக்கிப்போட வேண்டாம், காதுக்குள் போகும் கொக்கியை மட்டும் டைட்டானியத்திலோ நியோபியத்திலோ மாற்றிவிடுங்கள். புண்ணாகியிருந்தால் ஆறும்வரை எதையும் போடாதீர்கள், ஆறாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். செம்பு பட்டுத் தோல் பச்சையாவது வேறு விஷயம், அது கழுவினால் போய்விடும்.

வினிகரில் ஊறவைத்தால் பளபளக்குமாமே?

முத்தும் பவளமும் மாலகைட்டும் கார்பனேட் சேர்மங்கள், அமிலம் அரித்துவிடும். வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, துணி, போதும். முத்தைச் சோப்பு நீரில் ஊறவைக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். அமெதிஸ்ட்டையும் ரோஸ் குவார்ட்ஸையும் வெயிலில் காயப்போடாதீர்கள், நிறம் வெளுக்கும்.

விற்கலாமா அக்கா?

தாராளமாக. சாயம் ஏற்றியதைச் சாயம் ஏற்றியது என்றும் கண்ணாடியைக் கண்ணாடி என்றும் எழுதி விற்கவும். விலை போடும்போது உங்கள் நேரத்தையும் வீணாகும் கம்பியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறையப் பேர் கல் விலையை மட்டும் கணக்குப் போட்டுவிட்டு, வாரக் கணக்கில் சும்மா உழைக்கிறார்கள்.

ஜம்ப் ரிங் (பதக்கத்தை மாட்டும் சின்னக் கம்பி வளையம்) தானாகக் கழன்று பதக்கம் தொலைந்துவிட்டது. எப்படி மூடுவது?

பெரும்பாலும் திறக்கும்போதே கெட்டுவிடுகிறது. இரண்டு முனைகளையும் எதிரெதிராக அகட்டினால் வட்டம் கோணிவிடும், பிறகு சரியாகச் சேராது. இரண்டு குறடுகளால் பிடித்து ஒரு முனையை உங்கள் பக்கமும் மற்றதை எதிர்ப்பக்கமும் திருப்புங்கள். மூடும்போது அதே வழியில் கொஞ்சம் தாண்டித் திருப்பி, முன்னும் பின்னும் ஆட்டினால் முனைகள் உரசி லேசாக 'க்ளிக்' என்று உட்காரும். மயிரிழை வெளிச்சம்கூட இடுக்கில் தெரியக் கூடாது. அப்படியும் கழன்றால் கம்பி மெல்லிசு. அதே அகலத்தில் தடிமனான வளையமாக மாற்றுங்கள்.